பையிலுள்ள பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல

“ஏம்மா, என்னோடது இல்லைன்னு ஒருத்தர் விட்டுட்டுப் போன காசு, அப்புறம் யாரோட காசும்மா?”

இதை மகள் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. சலவைக் கடையின் முன்மேசைக்குப் பின்னால், அழுக்குத் துணி மூட்டை மேல், தொண்டை வீங்கி, கண் சிவந்து சாய்ந்திருந்தாள். “பேசாமப் படு” என்றாள் அம்மா. நல்ல கேள்விகளுக்குப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்தான் அது. மகள் படுத்தாள், பிழைத்தாள், வளர்ந்தாள், கல்லூரிக்கும் போய்விட்டாள். கேள்வி மட்டும் அந்த மூட்டை மேலேயே பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அம்மாவைக் கடையில் எல்லாரும் பாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக்கு வரும் ஒவ்வொரு துணியின் பையையும் வெளியே இழுத்து, உதறி, பார்ப்பது அவள் வேலை. கிடைப்பதை ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, அந்தத் துணியின் கழுத்துப்பட்டியில் ஊக்கு குத்தி மாட்டிவிடுவாள். சில்லறை, சாவி, மாத்திரை, மூக்குச்சளி பிடித்த கைக்குட்டை, மனைவிமார் பார்க்கக்கூடாத சினிமா டிக்கெட், எதுவானாலும் உறைக்குள் போகும். எதையும் தனக்கென்று எடுத்ததில்லை, எதையும் யாரிடமும் சொன்னதில்லை.

ரசீதின் பின்புறத்தில் வேறு மாதிரி அச்சிட்டிருந்தது: ‘பையிலுள்ள பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ நிர்வாகம் என்றால் பெரிய கூட்டமில்லை. முதலாளியும் அவருடைய மேசை விசிறியும்தான். பொறுப்பில்லை என்று அச்சடிக்க அவர் செலவழித்தார். பொறுப்பாக இருப்பதற்கென்று அக்காவுக்குத் தனியாக எதுவும் கொடுத்ததில்லை.

மகளுக்குத் தொண்டையில் கட்டி வந்த அந்த வருடம், ஆஸ்பத்திரியில் உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். அக்கா கடைத் தொலைபேசியில் தன் தாய்மாமனைக் கூப்பிட்டாள். கப்பல் வேலையில் ஊர் ஊராகச் சுற்றி, கல்யாணம் செய்யாமல், காசைக் கண்ணில் ஒற்றிச் சேர்த்தவர். குடும்பத்தில் அவருக்குக் கஞ்ச மாமா என்று பட்டம். மறுபடி மறுபடி கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லை. ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேசைமேல் விரிந்து கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டணச் சீட்டைப் பார்த்தபடி எதிரே பழுப்புக் கோட்டுக்காரர் நின்றிருந்தார்.

துறைமுகத்துப் பக்கம் ஏதோ அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். குளிர் தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை அந்தக் கோட்டைச் சலவைக்குப் போடுவார். அன்று வழக்கம்போல உடனே கோட்டைத் தரவில்லை. கொஞ்சம் திரும்பி நின்று என்னவோ செய்துவிட்டுத்தான் தந்தார். அவர் போனபின் பையைப் பார்த்தால், மடித்து ரப்பர் வளையம் போட்ட நோட்டுக் கற்றை. அக்கா எண்ணவில்லை. உறையில் போட்டாள், ஊக்குக் குத்தினாள்.

கோட்டை வாங்க வந்தவர் உறையைத் திறந்து பார்த்தார். மூட்டை மேல் கிடந்த குழந்தையையும் பார்த்தார்.

“இது என் பணம் இல்லையேம்மா.”

“உங்க கோட்டுலதான் சார் இருந்துச்சு.”

“என் பாக்கெட்ல என்னைக்கும்மா இவ்வளவு இருந்திருக்கு? என் வீட்டுக்காரி கேட்டா சிரிப்பா. வேற யாரோடதோ மாறி வந்திருக்கு. என்னோடது இல்ல.”

கோட்டை எடுத்தார், போய்விட்டார். மகள் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். மறுநாள் காலை அறுவைக்குப் பணம் கட்டியாயிற்று. கடையில் முன்பணம் வாங்கியதாகக் கணவனிடம் சொன்னாள். அவன் அந்தக் கடை முதலாளியை அன்றிலிருந்து தெய்வமாக மதித்தான். முதலாளிக்குத் தான் ஏன் மதிக்கப்படுகிறோம் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனாலும் மரியாதையை மறுக்கவில்லை.

திருப்பிக் கொடுக்க அவள் முயலாமல் இல்லை. சில வருடம் கழித்துக் கொஞ்சம் சேர்த்து, உறையில் போட்டு, அதே கோட்டில் குத்தினாள். அவர் உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இந்தக் கடைல மத்தவங்க காசெல்லாம் என் கோட்டுலதான் வந்து விழுதா? என்னோடது இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, ஊக்கை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு இருவரும் மழையையும் அவர் கண்ணையும் பற்றி மட்டுமே பேசினார்கள்.

இப்படி இருக்கையில்தான் கஞ்ச மாமா செத்துப்போனார்.

வக்கீல் ஒருவர் போன் செய்தார். தன்னிடம் இருந்ததெல்லாம் ‘என்னிடம் ஒருநாளும் காசு கேட்டு வராத என் அக்கா மகளுக்கு’ என்று மாமா எழுதி வைத்திருக்கிறாராம். கேட்கத்தான் கூப்பிட்டோம், லைன்தான் கிடைக்கவில்லை என்று வக்கீலிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஆண்டவன் சில பேருக்கு வழி திறந்து உதவுகிறார், சில பேருக்கு லைனைக் கெடுத்து உதவுகிறார். வந்த தொகை ஆயுள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடக் காணாது. ஆனால் சொந்தபந்தம் ஆயுள் முழுக்க உட்கார்ந்து பேசத் தாராளமாகக் காணும்.

அந்த வாரமே நாத்தனார் வந்தாள். கணவனின் மூத்த சகோதரி. குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முட்டிவலியால் படியேற முடியாமல் போனவள். இன்று அதே முட்டி மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறி வந்தது. பணத்துக்கு இருக்கும் மருத்துவ குணத்தை யாரும் இன்னும் சரியாக ஆராயவில்லை.

“மாமா போனதைக் கேட்டதுலேருந்து மனசே சரியில்ல” என்று பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். “எப்பேர்ப்பட்ட மனுஷன். கையிறுக்கம்னு சொல்லுவாங்க. நான் எப்பவும் சொல்லுவேன், அது கையிறுக்கம் இல்ல, பொறுப்புன்னு.”

அவருக்குக் கஞ்ச மாமா என்று பட்டம் கட்டியதே அவள்தான். அக்கா தேநீர் போடப் போனாள்.

அடுத்து வந்தவன் கொழுந்தன். போன மாதம் வரை தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தான். இப்போது கழுத்தில் டை கட்டியிருந்ததால் நிதி ஆலோசகர் ஆகியிருந்தான்.

“அண்ணி, பணம் வர்றது பெருசில்ல. அதைப் பொறுப்பாக் கையாளணும். தூங்குற பணம் செத்த பணம். பணத்தை எழுப்பி வேலைக்கு அனுப்பணும்.”

“நீ எப்ப எந்திரிச்சு வேலைக்குப் போவேன்னு அம்மா சாகுற வரைக்கும் கேட்டாங்களேடா” என்றான் அவன் அண்ணன்.

அக்காவின் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். அவனும் பொறுப்பைப் பற்றி யோசிக்காமல் இல்லை. பொறுப்பின் முதல் படியாக, வங்கிப் புத்தகத்தை வைக்க எண் பூட்டுப் போட்ட தோல்பெட்டி ஒன்று வாங்கினான். மறுநாள் பூட்டின் எண் மறந்துபோனது. இரண்டாம் படியாக, கார் கம்பெனியின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவந்து, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டான். கடைவாய்ப் பல் வலிக்குக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே அதைப் புரட்டுவான்.

“எதுக்குங்க கார்? நாள் பூரா வேன்தானே ஓட்டுறீங்க?”

“அதுல பின்னாடி கத்துறதெல்லாம் ஊரார் பிள்ளைங்கடி. நம்ம புள்ள பின்னாடி உக்காந்து கத்தி நான் கேட்டதே இல்லையே.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி முடிவெடுப்பது என்று நாத்தனார் முடிவெடுத்தாள். பணம் யாருடையதோ அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு திட்டம் இருந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பழுப்புக் கோட்டு கடைக்கு வந்தது. அவர் மேசையைத் தடவித்தான் பிடித்தார். கோட்டின் முழங்கையில் நூல் தெரிந்தது.

“இதான்மா கடைசி. செவ்வாய்க்கிழமை வீட்டைக் காலி பண்றேன். வாடகை கட்டி மாளல. அவளும் போய்ச் சேர்ந்துட்டா, எனக்கெதுக்குத் தனி வீடு? தங்கச்சி வீட்டோட போறேன். ரொம்ப தூரம். ரயில்ல ஒரு பகல், ஒரு ராத்திரி.”

“கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்னீங்களே சார்?”

“ஒரு கண்ணு நல்லாத்தானே தெரியுது? இன்னொண்ணை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு.” சிரித்தார். “ஒரே ஒரு உதவி. இந்த உள்பாக்கெட்டு ஒரு முழுங்கி. போன வருஷம் பேனாவைத் தின்னுச்சு, அதுக்கு முன்னாடி பீரோ சாவி. இன்னும் என்னென்ன தின்னுச்சோ, எனக்கே ஞாபகமில்ல. முடிஞ்சா ஒரு தையல் போட்டுடு. தங்கச்சி வீட்டுல போயி எதையாவது தொலைச்சுட்டுத் தேடிக்கிட்டு நிக்கக்கூடாது. ஏற்கெனவே நானே அங்க ஒரு வேண்டாத சாமான்.”

“அப்படிச் சொல்லாதீங்க சார்.”

“திங்கக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்.”

அவர் தெருவைக் கடக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குமேல் அந்தக் கோட்டு வராது. நேரில் கொடுத்தால், என்னோடது இல்லை என்பார். தபாலில் அனுப்ப விலாசம் கேட்டால் எதற்கு என்பார். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்து, பணத்தை எழுப்பி வேலைக்கு அனுப்பிவிடும்.

கோட்டை எடுத்து உள்பையில் கைவிட்டாள். மூலையில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. துணிக்கும் உள்துணிக்கும் நடுவில், கீழ்விளிம்பில், கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இத்தனை வருடம் பைகளைப் பார்த்துப் பேர்வாங்கியவள், பைக்கு வெளியே விழுந்ததைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தேநீரோடு தொடங்கியது. கொழுந்தன் மடியில் ஒரு பளபளக்கும் கோப்பு. அவனுடைய திட்டத்தில் இன்று போட்டால் நாளை இரட்டிப்பு, மறுநாள் அதற்கும் இரட்டிப்பு. நாத்தனாருக்கு அவள் மகன் வைக்கப்போகும் கடையில் பங்கு என்று ஒரு திட்டம். பங்கு என்றால், பணம் இவர்களுடையது, கடை அவனுடையது.

“பெரிய தொகைம்மா. பொம்பளை தனியாப் பார்க்கிற விஷயமில்ல” என்றாள் அவள். அதைச் சொன்னவளும் ஒரு பெண்தான் என்பது அந்த அறையில் யாருக்கும் உறுத்தவில்லை.

கொழுந்தன் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினான். “பாருங்கண்ணி, வட்டி. வட்டிக்கு வட்டி. அந்த வட்டிக்கும் வட்டி. பணம் குட்டி போடும்.”

அக்கா முதல்முறையாக ஆர்வமாக முன்னால் நகர்ந்தாள். “தம்பி, இந்தக் கணக்கைப் பின்னாடி போட வருமா?”

“பின்னாடின்னா?”

“இன்னைக்குப் போட்டா பின்னால என்ன ஆகும்னு சொல்றீங்க, சரி. நம்ம புள்ளைக்கு ஏழு வயசா இருக்கும்போது ஒருத்தர் போட்டிருந்தா, இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்?”

கொழுந்தன் முகம் மலர்ந்தது. “இதான் அண்ணி கேள்வி. அப்பவே போட்டிருக்கலாமேன்னு தோணுதுல்ல? எவ்வளவுன்னு வச்சுக்கலாம்?”

அவள் ஒரு தொகையைச் சொன்னாள். அவன் தட்டினான். வந்த எண்ணைப் பார்த்து அவனே மிரண்டான்.

“உங்க திட்டத்து வட்டி வேணாம் தம்பி. நியாயமா பேங்க்ல குடுப்பாங்கள்ல, அதைப் போடுங்க.”

மறுபடி தட்டினான். அந்த எண்ணை அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நிதி ஆலோசகராக அவன் செய்த முதலும் கடைசியுமான சேவை அது. அதற்கு அவன் கட்டணம் கேட்கவில்லை, தெரிந்திருந்தால் கேட்டிருப்பான்.

“அப்போ இங்க ஒரு கையெழுத்து” என்று பேனாவை நீட்டினான்.

“இல்ல தம்பி. ஒரு பாக்கி இருக்கு. அதைக் குடுத்தப்புறம்தான் மிச்சத்தை என் காசுன்னு சொல்ல முடியும்.”

நாத்தனாரின் முட்டி வலி சட்டென்று திரும்பி வந்தது போலிருந்தது. “பாக்கியா? யாருக்கு? வீட்டுக்குத் தெரியாம என்ன பாக்கி? எவன்கிட்ட வாங்கின?”

சொல்லிவிடலாம். சொன்னால், கேட்காமல் கொடுத்தது கடனே இல்லை என்பாள் நாத்தனார். சாட்சி உண்டா என்பான் கொழுந்தன். அந்த மனிதர் ஒருவருக்கும் தெரியாமல் செய்தது இந்தத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் கிடந்து புரளும். அவள் கணவனைப் பார்த்தாள். இவனும் கேட்டுவிட்டால் மறைக்க முடியாது.

அவன் கன்னத்திலிருந்து கையை எடுத்தான். அவளை ஒருமுறை பார்த்தான். அப்புறம், “அக்கா, டீ ஆறுது” என்றான்.

“டீ கிடக்கட்டும்டா. உன் பொண்டாட்டி என்னமோ பாக்கிங்கிறா, நீ…”

“அவ மாமா குடுத்தது. அவ பாக்கி. நமக்கு டீதான்.”

அவன் அதிகம் பேசுபவனில்லை. பல்வலியும் ஒரு காரணம். ஆனால் அன்று அவன் பேசிய அந்தக் கொஞ்சத்துக்காக அவள் ராத்திரி முழுக்க ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள்.

திங்கட்கிழமை காலை வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மொறமொறப்பான புதுக் கட்டுகளை எடுத்து வைத்தாள்.

“பழசா இருந்தாக் குடுங்கம்மா. கசங்கினது.”

“என்னது?”

“புதுசு வேணாம். மடிச்சது, அழுக்கானது, அந்த மாதிரி.”

அந்தப் பெண் கண்ணாடியை மூக்கிலிருந்து இறக்கினாள். “எல்லாரும் புது நோட்டுக்குச் சண்டை போடுவாங்க. நான் இந்த சீட்டுக்கு வந்ததுலேருந்து அழுக்கு நோட்டு கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

“சலவைக் கடையில வேலைம்மா” என்றாள் அக்கா. அதுவும் பொய்யில்லை.

அங்கேயே மகளின் படிப்புக்கென்று ஒரு பெரிய பங்கை நிரந்தர வைப்பில் போட்டாள். கொஞ்சத்தைக் கணவனின் பல்லுக்கென்று ஒதுக்கினாள். மீதியை அப்படியே தூங்கவிட்டாள். பாவம், பணமும் களைத்துப்போய்த்தான் வந்திருக்கும், கப்பல் கப்பலாகச் சுற்றி.

கடையில் பகலுணவு நேரத்தில் நிர்வாகம் சாப்பிடப் போனது. விசிறி நின்றிருந்தது. உள்ளே இயந்திரம் மட்டும் யாருடைய சட்டைகளையோ புரட்டிக்கொண்டிருந்தது. சலவை முடிந்து தொங்கிய கோட்டை அக்கா மேசைமேல் விரித்து, கீழ்விளிம்பின் தையலை பிளேடால் மெல்லப் பிரித்தாள். மூடி போட்ட ஒரு பேனா. துருப்பிடித்த பீரோ சாவி. நாணயங்கள் சில. பஸ் டிக்கெட்டுகள், எழுத்தெல்லாம் மங்கி. காகிதம் ஒட்டிப்போன ஓர் இருமல் மிட்டாய். ஒவ்வொன்றையும் துடைத்து மேசையில் வைத்தாள்.

பிரித்த விளிம்பைத் தைத்தாள். பையின் மூலை ஓட்டையை அடைத்தாள், இனி எதையும் விழுங்க முடியாதபடி நெருக்கமாக. பிறகு இடுப்பில் செருகியிருந்த கற்றையை எடுத்தாள். அவர் அன்று மடித்திருந்ததுபோலவே மடித்து, பழைய பஸ் டிக்கெட் ஒன்றை மேலே சுற்றி, ரப்பர் வளையம் போட்டாள். பேனா, சாவி, நாணயம், மிட்டாய், எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் ஓர் உறையில் போட்டாள். பேனாவும் சாவியும் அவருடையவை என்றால், கூடக் கிடப்பதை மட்டும் அவர் எப்படி இல்லை என்பார்?

உறைமேல் எழுத வேண்டும். ‘உள்துணிக்குள் கிடைத்தவை’ என்று எழுதத் தொடங்கிய கை நின்றது. அது முழு உண்மையில்லை. கொஞ்சம் யோசித்தாள். துணி மூட்டையைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: ‘எல்லாம் உங்களுடையவை.’

எத்தனையோ வருடத்தில் முதல்முறையாக, உறையைக் கழுத்துப்பட்டியில் குத்தவில்லை. உள்பைக்குள்ளேயே வைத்து, பையோடு சேர்த்து ஊக்குக் குத்தினாள். கோட்டை வாங்கும்போது தெரியாது. ரயிலில் எப்போதாவது பேனா தேடிக் கைவிடும்போது தெரியும். அப்போது மறுத்துவிட்டு நகர மேசை இருக்காது. சாயங்காலம் கோட்டை எடுத்துக் கொடுக்கப்போவது முதலாளி. அவள் கணவனைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லி, சீக்கிரம் போக அனுமதி வாங்கியிருந்தாள். முதலாளி பைகளைப் பார்க்கும் வழக்கமில்லாதவர்.

கோட்டைத் தடவி நேராக்கி, கம்பியில் மாட்டினாள். ரசீதைக் குத்தும்போது, அச்சிட்ட பின்புறம் வெளியே தெரியும்படி திருப்பிக் குத்தினாள். பையிலுள்ள பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அந்த வாசகம் அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

இருமல் மிட்டாய் ஒட்டியிருந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுத்த சட்டையின் பையை வெளியே இழுத்தாள்.